பொத்தானை விடாதவருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்

அப்பா இறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. பெயர் பூபாலன். வயது அறுபத்து மூன்று. வீரபாண்டியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தார். அவர் மேசையில் நாலரைக் கிலோ எடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. சுற்றி முடித்து, வார்னிஷ் காய்ந்து, மேலே வெள்ளை லேபிளும் ஒட்டியாகிவிட்டது. லேபிளில் எதுவும் எழுதவில்லை.

அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். மடத்துக்குளத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆரோக்கியராஜுக்கு. ஒரு வருடமாக அப்பா அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தார். சொல்லாமலே போய்விட்டார்.

அப்பா ஹாம். அரசாங்கத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி, தனக்கென்று ஒரு அழைப்புக் குறியோடு வீட்டிலிருந்தே வானொலியில் பேசுகிறவர். தினமும் காலை ஆறரை மணிக்கு இருபது பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். மைக்கில் ஒரு பொத்தான் இருக்கும். பேசுகிறவர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். அவர் விட்ட பிறகுதான் அடுத்தவர் பேச முடியும். நான் லைசென்ஸ் எடுக்கவில்லை. பல் துலக்கிக்கொண்டே கேட்டு வளர்ந்தேன்.

சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் கட்டுகிறவர்களுக்கு முதல் தலைவலி பவர் சப்ளை டிரான்ஸ்பார்மர். வேண்டிய வோல்டேஜில் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை நம்ப முடியாது. அந்தத் தாங்கும் அளவை வி.ஏ. என்ற கணக்கில் சொல்வார்கள். குறைத்துப் போட்டால் சூடேறிக் கருகும். கூட்டிப் போட்டால் மேசை வளையும். அப்பா இந்த வட்டாரத்து ஹாம்களுக்கு எழுபதுக்கு மேல் சுற்றிக் கொடுத்திருக்கிறார். கேட்டவுடன் சுற்ற மாட்டார். முதலில் ஆளைக் கேட்பார்.

நிட்டிங் கம்பெனியில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தாள் உண்டு. ஓட்டம், நிறுத்தம் என்று இரண்டு கட்டம். ஷிப்டில் மிஷின் எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது என்று குறிப்பார்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் வானொலி முன் உட்கார்ந்து, டிரான்ஸ்பார்மர் கேட்ட மனிதரின் பேச்சை அப்பா அதில் குறிப்பார். ஒரு வாரம் குறித்த பிறகுதான் வி.ஏ. சொல்வார். ஒரே வகை வானொலி செட் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு இரண்டு அளவு வரும்.

உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அங்கமுத்து மாமாவுக்கு நானூறு வி.ஏ. போட்டார். அதே செட் வைத்திருந்த இன்னொருவருக்கு இருநூறு. மாமா வானொலியிலேயே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க பூபாலன், நானென்னங்க அவ்வளவா பேசறேன்?"

"அதெல்லாம் இல்லீங்க. பேசறது அளவாத்தானுங்க இருக்குது. கேக்கறதுதான் கொஞ்சம் கம்மி."

"பாத்தீங்களா, எல்லாருங் கேட்டுக்கங்க. இவுரு எனக்குக் கம்பி சுத்திக் குடுத்தாரா, மானத்தச் சுத்தி வாங்குனாரான்னு தெரியல."

அன்று முழுக்க மாமா அதைப் பற்றியே பேசினார். டிரான்ஸ்பார்மர் தாங்கியது.

இந்த முறையில் தப்பில்லை. நான் கோவையில் ஒரு மோட்டார் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். எங்களிடமும் இதே கணக்குத்தான். காயிலில் ஏறும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவிட்டு ஓடும் சுமைக்கு முழு ரேட்டிங் தேவையில்லை. கால் பங்கு நேரம் மட்டும் ஓடினால் பாதி ரேட்டிங் போதும்.

ஆரோக்கியராஜ் ஐம்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தவர். தேர்வை மூன்று முறை எழுதினார். செட்டை அவரே கட்டினார். பழைய ஏ.எம். வகை, வால்வு போட்டது. அது இருநூறு வி.ஏ. கேட்கும். டிரான்ஸ்பார்மர் மட்டும் அப்பாவிடம் கேட்டார். அவர் அதுவரை வானொலியில் பேசியதே இல்லை. அதனால் காலையில் கேட்டுக் குறிக்க வழியில்லை. அப்பா மடத்துக்குளம் போய் அவர் கடையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார்.

ஆரோக்கியராஜுக்குப் பேச்சு திக்கும். எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற வகை இல்லை. சொல் பாதியில் நின்றுவிடும். சத்தமே வராது. பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கும் மேல். பிறகு வரும். அப்பா அந்த மதியத்தைத் தாளில் குறித்தார். நிமிடத்துக்குப் பதினைந்து நொடி ஓட்டம். மீதி நிறுத்தம்.

கால் பங்கு. எனவே நூறு வி.ஏ. போதும். அப்பா தாராளமாக நூற்றி இருபது என்று எழுதி, தாளைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பார்த்தேன். கூட்டல் சரி. வர்க்கமூலம் சரி. "சரிங்கப்பா" என்று அனுப்பினேன்.

சென்ற வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியராஜ் முதல் முறையாகக் காலைக் கூட்டத்துக்கு வந்தார். நான் ஊரில் இருந்தேன். அப்பாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். புதிதாக ஒருவர் வந்தால் எல்லோரும் முறை வைத்து வரவேற்பார்கள். பதினொரு பேர் வரவேற்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள். என்ன ஏரியல், எத்தனை வாட், அங்கே மழை உண்டா. மரியாதைக்குத்தான். ஆரோக்கியராஜ் ஒருவரையும் விடாமல் பதில் சொல்ல முயன்றார். ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். வரவேற்பும் கேள்விகளும் சேர்த்து ஒரு மணி நேரம் தாண்டியது. ஒன்பதாவது ஆளுக்குப் பதில் சொல்லும்போது அவர் குரலின் கீழே டிரான்ஸ்பார்மர் சூடேறும் முனகல் கேட்டது.

அப்பா நிமிர்ந்தார். அவருடைய முறை இல்லை. இருந்தாலும் இடைவெளி கிடைத்ததும் பொத்தானை அழுத்தினார்.

"ஆரோக்கியராஜ், பொத்தான அமுத்தியே வெச்சிருக்காதீங்க. விட்டு விட்டுப் பேசுங்க. அது தாங்காதுங்க."

இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜ் மீண்டும் அழுத்தினார். ஒரு சொல் தொடங்கியது. நின்றது. பிறகு அவருடைய அலையே நின்றுவிட்டது. டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது என்று மறுநாள் அங்கமுத்து மாமாவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார். கூடவே, "தவறு என்னுடையது. மன்னிக்கவும்" என்று ஒரு வரி. அதன் பிறகு அவர் காலைக் கூட்டத்துக்கு வரவில்லை.

அப்பாவுக்குத் தன் பிழை கம்பெனியில் வைத்துத்தான் புரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் எனக்குப் போன் செய்தார். பின்னால் மிஷின் சத்தம்.

"தமிழு, வேலையா இருக்கறயா கண்ணு?"

"சொல்லுங்கப்பா."

"இப்பத்தான் ஒரு மிஷின்ல நூலு அறுந்துச்சு. சிவப்பு லைட்டு எரியுது. மிஷின் நின்னுருச்சு. மோட்டாரும் நின்னுருச்சு."

"ஆமாங்கப்பா. ஆட்டோ ஸ்டாப்."

"அவுருக்கு ஆட்டோ ஸ்டாப் இல்லையே சாமி."

எனக்கு உடனே புரியவில்லை. சில நொடிகள் கழித்துப் புரிந்தது. நூல் அறுந்தால் மிஷின் நிற்கும். சொல் அறுந்தால் அந்த மனிதர் நிற்பதில்லை. பொத்தானைப் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்துக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார். ஏ.எம். செட்டில் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை, குரல் வந்தாலும் வராவிட்டாலும் முழுச் சுமையும் ஓடும். அப்பா நிறுத்தம் என்று குறித்த முக்கால் பங்கும் ஓட்டம். முப்பத்து நான்கு வருடம் நிட்டிங் மிஷினோடு இருந்தவர் செய்யக்கூடிய பிழை. அதைப் பார்த்துச் சரி என்று அனுப்பியவள் நான்.

"போன் பண்ணிச் சொல்லிடுங்கப்பா."

"ரெண்டு தடவ பண்ணிட்டேன். எடுக்கல. போன்ல பேசறது அவுருக்குச் செரமம் கண்ணு. வேற ஒண்ணு சுத்தி எடுத்துட்டுப் போய் நேர்ல சொல்லிக்கறேன். எல்லாரு முன்னாலயும் அவர வெரட்டிப் போட்டேன்."

ஜூலையில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது தெரிந்தது. செப்டம்பரில் டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று நாள். டயாலிசிஸ் ஊசி போட இடது கையில் ரத்தக்குழாயை இணைத்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் இழுக்கவோ தூக்கவோ கூடாது. டிரான்ஸ்பார்மர் சுற்றுவதற்கு வலது கை கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இடது கை கம்பியை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்பாவால் இரண்டில் ஒன்றுதான் முடியும்.

கைப்பிடியைச் சுழற்ற அம்மாவை உட்கார வைத்தார். இது எனக்குத் தெரியாது. அப்பா போன பிறகு அம்மாதான் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு நான் அந்த டிரான்ஸ்பார்மரைச் சோதித்தேன். அப்பா சோதிக்காமல் லேபிளில் எழுத மாட்டார். நோட்டில் மட்டும், ஆரோக்கியராஜ், 200, தொடர்ந்து, என்று எழுதியிருந்தார். தொடர்ந்து என்றால் இடைவெளியே இல்லாத சுமைக்கு. ரெசிஸ்டர்களை இணைத்து முழு இருநூறு வி.ஏ. சுமை கொடுத்து நான்கு மணி நேரம் ஓட்டினேன். குளிர்ந்திருக்கும்போதும் சூட்டிலும் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளந்தால் உள்ளே எத்தனை டிகிரி என்று கணக்கிடலாம். நூற்றிப் பதினெட்டு வந்தது. அறையின் சூடு முப்பத்து நான்கு. ஏற்றம் எண்பத்து நான்கு. அப்பாவின் நோட்டில் முதல் பக்கத்தில் அவர் வைத்திருந்த வரம்பு அறுபது. தகரக் கூரைக் கடைகளையும், மூடிய மரப்பெட்டிகளையும் நினைத்து வைத்தது. எழுபது டிரான்ஸ்பார்மரில் ஒன்றுகூட அதைத் தாண்டியதில்லை.

மீண்டும் அளந்தேன். அதே எண்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அம்மா பெயர் சித்ரகலா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முப்பது வருடமாகத் துணியைப் புரட்டி ஓட்டை தேடுகிறவள். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

"டேமேஜா?"

"சூடு அதிகமா வருதும்மா. ஏன்னு தெரியல. அப்பா கணக்குப்படி வரக்கூடாது."

அம்மா உட்கார்ந்தாள்.

"கம்பி பத்தல கண்ணு. அதாவது, எடம் பத்தல. நாஞ் சுத்தறேன், அவுரு வலக்கையில புடிக்கறாரு. விறைப்பே வரல. சுத்தச் சுத்த உப்பிட்டே வந்துச்சு. நூத்தியெம்பது டஜன் சுத்துறதுக்குள்ள நெறஞ்சு போச்சு."

"டஜனா?"

"பின்ன? எனக்கு எண்ணத் தெரிஞ்சது அதுதான். எரநூத்தி முப்பத்து மூணு டஜனும் நாலும்னாரு. அவுரு நோட்டுல டஜனாவே எழுதிக் குடுத்தாரு. சிரிச்சாரு. பீஸ் ரேட்டு எவ்வளவு வேணும்னு கேட்டாரு."

இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று. சரியான எண்ணிக்கைதான்.

"மீதிக்கு?"

"மீதிக்குச் சன்னக் கம்பி போட்டோம். முழுக்கப் பிரிச்சு மறுக்கா சுத்தலாம்னாருங் கண்ணு. நாந்தான் வேண்டாம்னேன். மறுநா டயாலிசிஸ். ஒக்கார முடியாம ஒக்காந்திருக்காரு. போதும் எந்திரிங்கன்னேன். சரி, டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம்னு எந்திரிச்சாரு."

அதற்குப் பிறகு பதினெட்டு நாள்தான் இருந்தார்.

"நாஞ் சொன்னதுனால கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"கெடலீங்கம்மா. எரநூறு வராது. அவ்வளவுதான்."

சன்னக் கம்பியில் அதே கரண்ட் ஓடினால் சூடு அதிகம். காரணம் கிடைத்துவிட்டது. என் கம்பெனியில் மோட்டார் வைத்த வைண்டிங் மிஷின் இருக்கிறது. பிரித்து அரை நாளில் இருநூறுக்குச் சுற்றிவிடலாம். சரியான வழி அதுதான் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிங் பிளேயரைக் கையில் எடுக்கக்கூடச் செய்தேன். கம்பியின் முனை அப்பா வழக்கமாகச் செய்வதுபோல இரண்டு முறை மடித்து நூலால் கட்டியிருந்தது. வைத்துவிட்டேன்.

சுமையைக் குறைத்து மீண்டும் ஓட்டினேன். நூற்றி அறுபது வி.ஏ.யில் ஏற்றம் ஐம்பத்தொன்பது. லேபிளில் எழுதினேன்: 160 வி.ஏ., தொடர்ந்து.

நூற்றி அறுபதில் அந்தச் செட் நாற்பது வாட்டுக்குப் பதில் முப்பது வாட்தான் அனுப்பும். தொலைவில் கேட்கிறவர் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் செட் அவருடையது. முடிவு அவர்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை எங்கள் கணக்கை நம்பிப் பேச வந்து ஏமாந்தவர்.

போன சனிக்கிழமை அம்மாவும் நானும் காரில் மடத்துக்குளம் போனோம். கடை சின்னது. வாசலில் திறந்து போட்ட டிவிகள். ஆரோக்கியராஜ் எழுந்து நின்றார். அப்பாவின் சாவு அவருக்குத் தெரியும். அங்கமுத்து மாமா சொல்லியிருக்கிறார். சாவுக்கு வந்து, வாசலில் நின்று, யாரிடமும் பேசாமல் திரும்பிவிட்டதாக அவரே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பிறகு தாளை ஒதுக்கிவிட்டுப் பேசினார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு டிரான்ஸ்பார்மர் கருகுனது உங்களாலே இல்லீங்க. எங்க கணக்குத் தப்பு. நீங்க பேசறத மட்டும் அப்பா கணக்குல எடுத்துட்டாரு. பொத்தான் அமுந்தியிருக்கறத எடுக்கல. நானும் பார்த்துச் சரின்னு சொன்னேன். அதச் சொல்லணும்னு அப்பா ஒரு வருஷமா இருந்தாரு."

அவர் பதில் சொல்ல முயன்றார். சொல் நின்றிருந்தது. அம்மா தரையைப் பார்த்தாள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விட்டு விட்டு," என்று தொடங்கினார். நின்று, மறுபடி வந்தார். "விட்டு விட்டுப் பேசிப் பாத்தேனுங்க. கரண்டு இல்லாமயே. மைக்க மட்டும் கையில வெச்சுட்டு. வரல. பொத்தான விட்டா, மறுக்கா மொதல்ல இருந்து வரணுங்க. அமுத்தியிருந்தா எப்பிடியும் வந்துரும்."

பிறகு சொன்னார்: "அதையச் சொல்லத்தான் சாவுக்கு வந்தேன், அன்னைக்கு."

டிரான்ஸ்பார்மரை அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா குறித்தது இருநூறு. வந்தது நூற்றி அறுபது. ஏன் குறைந்தது. இப்படியே வைத்துக்கொண்டால் முப்பது வாட். ஒரு வாரம் பொறுத்தால் நான் பிரித்துச் சுற்றி இருநூறுக்குக் கொண்டுவருகிறேன். எப்படி வேண்டும் என்று அவர் சொல்லலாம்.

அவர் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மெக்கானிக் பார்க்கிற பார்வை. வெளி அடுக்கில் கம்பி மாறியிருக்கும் இடத்தை நகத்தால் தடவினார். அம்மா அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொத்தான எவ்... வளவு நேரம் புடிக்கலாமுங்க?"

"எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

"நாள் பூரா?"

"நாள் பூரா."

"முப்பது போதுங்க," என்றார். சால்டரிங் அயர்னைச் செருகினார்.

மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. செட்டின் வெளியீட்டை முப்பது வாட்டுக்குக் குறைத்தார். முதல் சோதனைக்கு ஏரியலை இணைக்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஒரு பல்பை மாட்டுவார்கள். அலை போகிறது என்றால் பல்பு எரியும். குரல் ஏறும்போது வெளிச்சமும் ஏறும். அவர் மைக்கை எடுத்தார். எங்களைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

பல்பு எரிந்தது. மஞ்சளாக, அசையாமல்.

அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. தெருவில் ஒரு டிராக்டர் போய், அதன் சத்தமும் ஓய்ந்தது.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "நின்னு போச்சா கண்ணு?"

"இல்லீங்கம்மா. ஓடிட்டுத்தான் இருக்குது."

அவர் விடவில்லை. பிறகு பல்பு சட்டென்று பளிச்சிட்டது. அதோடு அவருடைய அழைப்புக் குறியின் முதல் எழுத்து வந்தது. அடுத்தது வந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன.